வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் ஆளுயர உருவங்கள்: உடுத்தல், தூய்மை, பேணல்

முன்னுரை

இலண்டன் நகரிலுள்ள வெஸ்ட்மின்ஸ்டர் அபே, இங்கிலாந்தின் மன்னர்கள் முடிசூடும் தேவாலயம். அவர்களுள் பலர் அடக்கம் செய்யப்பட்ட இடமும் அதுவே. இத்தேவாலயத்தில் கல்லறைகளைத் தவிர வேறொரு அரிய தொகுப்பும் உள்ளது. மன்னர்கள், அரசியர், பிரபுக்கள் ஆகியோரை அச்சாக ஒத்த ஆளுயர உருவங்கள் அவை. சில மரத்தால் ஆனவை, சில மெழுகால் ஆனவை. உண்மையான ஆடை அணிந்து, தலைமுடி பொருத்தப்பட்டு நிற்கும் இவ்வுருவங்களுள் மிகப் பழையது ஆறு நூற்றாண்டுகளுக்கும் மேற்பட்டது.

இவ்வுருவங்களை யார் செய்தார், எதற்காகச் செய்தார் என்பது வரலாற்று நூல்களில் ஓரளவு பேசப்பட்டுள்ளது. அவற்றைத் துடைத்தவர்கள், உடை மாற்றியவர்கள், பூச்சி அரிக்காமல் காத்தவர்கள் பற்றிய செய்தி குறைவாகவே பேசப்படுகிறது. ஆனால் ஒரு பொம்மை உருவம் நூறாண்டு தாண்டுவது செய்தவரின் திறமையால் மட்டும் நிகழ்வதில்லை. அடுத்தடுத்து வந்தவர்கள் அதை எப்படிக் கையாண்டார்கள் என்பதைப் பொறுத்தே அது நிலைக்கிறது. கவனமின்மை இவ்வுருவங்களுக்குக் கேடு செய்தது போலவே, அளவு மீறிய கவனமும் கேடு செய்யக்கூடும். இக்கட்டுரை அந்தப் பேணலின் வரலாற்றைக் கூறுகிறது.

உருவம் ஏன் தேவைப்பட்டது?

இடைக்கால ஐரோப்பாவில் மன்னர் இறந்தால் அடக்கம் உடனே நடப்பதில்லை. செய்தி நாடெங்கும் செல்ல வேண்டும், பிரபுக்கள் வந்து சேர வேண்டும், சடங்குகளுக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். இதற்குப் பல வாரங்கள் ஆகும். அதுவரை உடலை மக்கள் பார்வைக்கு வைத்திருப்பது இயலாது. எனவே உடலைப் பேழையில் மூடிவிட்டு, அதன்மேல் மன்னரைப் போன்ற உருவம் ஒன்றைச் செய்து, அரச உடை உடுத்தி, மகுடம் சூட்டிக் கிடத்தும் வழக்கம் ஏற்பட்டது.

இங்கிலாந்தில் இவ்வழக்கம் பதிவான முதல் நிகழ்வு 1327-இல் குளோஸ்டர் நகரில் நடந்த இரண்டாம் எட்வர்டின் அடக்கம் ஆகும். மன்னர் என்ற மனிதர் இறக்கலாம், மன்னர் பதவி இறப்பதில்லை என்ற கருத்தும் இதன் பின்னால் இருந்தது. பிரான்சில் இக்கருத்து இன்னும் வலுவாக வெளிப்பட்டது. 1547-இல் மன்னர் முதலாம் பிரான்சுவா இறந்தபோது, அவருடைய உருவத்தின் முன் அவர் உயிரோடு இருப்பதுபோலவே வேளை தவறாமல் உணவு பரிமாறப்பட்டது.

இங்கே ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். இவ்வுருவங்கள் சில நாள் அல்லது சில வாரப் பயன்பாட்டுக்காகச் செய்யப்பட்டவை. நூற்றாண்டுக் கணக்கில் நிற்க வேண்டும் என்று எவரும் எண்ணவில்லை. அடக்கம் முடிந்ததும் அவை கல்லறைக்கு அருகிலோ ஒரு மூலையிலோ வைக்கப்பட்டன. அதனால்தான் அவற்றைப் பேணுவது தொடக்கத்திலிருந்தே கடினமான வேலையாக இருந்துள்ளது.

மரமும் மெழுகும்

அபேயில் எஞ்சியுள்ளவற்றுள் மிகப் பழையது, 1377-இல் இறந்த மூன்றாம் எட்வர்டின் உருவம். வால்நட் மரத்தில் செதுக்கப்பட்ட அதன் முகம், இறந்தவரின் முகத்தில் சாந்து பூசி எடுத்த வார்ப்பை அடிப்படையாகக் கொண்டது. வாய் ஒருபுறம் சற்றே கோணியிருக்கிறது. மன்னர் இறுதியில் பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டார் என்ற கருத்துக்கு இதுவும் ஒரு சான்றாகக் கொள்ளப்படுகிறது. 1509-இல் இறந்த ஏழாம் ஹென்றியின் தலையும் இவ்வாறே உயிருள்ள முகம்போல அமைந்தது.

1603-இல் முதலாம் எலிசபெத் இறந்தபோது பேழையின்மேல் கிடத்தப்பட்ட உருவத்தைக் கண்டு தெருவில் நின்ற மக்கள் விம்மி அழுதனர் என்று அக்காலத்தவர் பதிவு செய்துள்ளனர். 1625-இல் இறந்த முதலாம் ஜேம்ஸுடன் மன்னர் அடக்கத்தில் உருவத்தைச் சுமந்து செல்லும் வழக்கம் முடிவுக்கு வந்தது.

அதன் பின் மெழுகுருவங்களின் காலம் தொடங்கியது. 1685-இல் இறந்த இரண்டாம் சார்லஸின் மெழுகுருவம் அடக்க ஊர்வலத்தில் செல்லவில்லை. அது அவருடைய கல்லறையருகே நினைவுச் சின்னம்போல நெடுங்காலம் நின்றது. அவ்வுருவம் அணிந்திருக்கும் கார்ட்டர் வீரப்பட்டத்தின் வெல்வெட் அங்கிகள், அவ்வகையில் இன்று எஞ்சியுள்ளவற்றுள் மிகப் பழையவை. 1702-இல் இறந்த ரிச்மண்ட் சீமாட்டி ஃபிரான்சஸ் ஸ்டூவர்ட்டின் மெழுகுருவம், அதே ஆண்டில் அரசி ஆனின் முடிசூட்டு விழாவுக்கு அவர் அணிந்து சென்ற உடையில் நிற்கிறது. அபேயில் அடக்க ஊர்வலத்தில் எடுத்துச் செல்லப்பட்ட கடைசி உருவம், 1735-இல் ரோம் நகரில் இளம் வயதில் இறந்த பக்கிங்ஹாம் பிரபு எட்மண்ட் ஷெஃபீல்டினுடையது.

ஆக, இத்தொகுப்பில் மரம், சாந்து, வைக்கோல், கித்தான், மெழுகு, மனித முடி, பட்டு, வெல்வெட், லேஸ், வெள்ளிச் சரிகை, இரும்புக் கம்பி, பித்தளைக் குண்டூசி எனப் பல பொருள்கள் கலந்துள்ளன. ஒன்றுக்கு நல்லது மற்றொன்றுக்குத் தீங்காகலாம். பேணலின் சிக்கல் இங்கேதான் இருக்கிறது.

கந்தல் படை

அடக்கச் சடங்கிற்குப் பயன்பட்ட பழைய மர உருவங்கள் அலமாரிகளில் நெருக்கமாக அடுக்கப்பட்டன. அவற்றின் ஆடைகள் கிழிந்தும் களவு போயும் மறைந்தன. 18-ஆம் நூற்றாண்டுப் பார்வையாளர்கள் அவற்றைக் 'கந்தல் படை' என்று கேலியாக அழைத்தனர்.

அதே நேரத்தில் உருவங்களைக் காட்டிக் காசு வாங்கும் வழக்கமும் இருந்தது. அந்த வருமானம் தேவாலயத்தின் இளநிலைக் குருமாருக்கும் பாடகர் குழுவினருக்கும் சென்றது. உருவங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற எண்ணத்தை வளர்த்தவற்றுள் இந்த வருமானமும் ஒன்று. பார்வையாளர் வர வேண்டுமானால் உருவம் பளிச்சென்று இருக்க வேண்டும்.

1760-இல் நடந்தது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அபேயின் நிர்வாக அமைப்பை அரசி எலிசபெத் 1560-இல் நிறுவியிருந்தார். அதன் இருநூறாம் ஆண்டை ஒட்டி, சிதைந்து போயிருந்த அவருடைய பழைய மர உருவத்துக்குப் பதிலாகப் புதிய மெழுகுருவம் செய்யப்பட்டது. பழையதைச் சரிசெய்து காப்பதைவிடப் புதிதாகச் செய்வதே அன்றைய வழக்கத்துக்கு இயல்பாக இருந்தது.

1806-இல் இதற்கும் ஒரு படி மேலே சென்றனர். டிரஃபால்கர் போரில் இறந்த கடற்படைத் தலைவர் நெல்சன் புனித பால் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். மக்கள் கூட்டம் அங்கே திரண்டது. தங்கள் பார்வையாளர்களைத் திரும்ப ஈர்க்க, அபே நிர்வாகம் காதரின் ஆண்ட்ராஸ் என்ற கலைஞரிடம் நெல்சனின் மெழுகுருவத்தை வாங்கியது. நெல்சனுக்கும் அபேயிலுள்ள கல்லறைகளுக்கும் தொடர்பில்லை. ஆனால் அவ்வுருவத்துக்கு உடுத்தப்பட்ட ஆடைகளில் பெரும்பாலானவை அவர் பயன்படுத்தியவை என்று கூறப்படுகிறது. கண்ணுக்கு நிழல் தரும் மறைப்பு பொருத்திய அவருடைய தொப்பியும் அவற்றுள் ஒன்று. வருமானத்துக்காக வாங்கிய உருவம் இவ்வாறு ஒரு வரலாற்றுச் சான்றைக் காத்துக் கொடுத்தது.

உருவங்கள் எவ்வாறு கெடுகின்றன?

பேணும் முறையைப் புரிந்துகொள்ள, முதலில் கேடு எங்கிருந்து வருகிறது என்பதை அறிய வேண்டும்.

தூசி: தூசி என்பது வெறும் மண் அன்று. அதில் தோல் துகள், துணி நார், கரி, கூர்மையான மணல் துகள் ஆகியவை உள்ளன. காற்றில் ஈரப்பதம் மிகும்போது தூசி இளகித் துணியோடு ஒட்டிக்கொள்கிறது. பிறகு துணியை அசைக்கும் போதெல்லாம் மணல் துகள் நூலை அறுக்கிறது. மெழுகின்மேல் படியும் தூசி அதற்குள்ளேயே பதிந்துவிடுகிறது.

ஒளி: பட்டை மிக விரைவாகக் கெடுப்பது ஒளியே. சாயம் மங்குவது கண்ணுக்குத் தெரியும். நார் நொறுங்குவது உடனே தெரியாது. ஒளியால் ஏற்பட்ட இக்கேட்டைத் திரும்பச் சரிசெய்ய வழியில்லை.

பூச்சி: அந்துப்பூச்சியின் புழு கம்பளி, பட்டு, இறகு, முடி ஆகியவற்றைத் தின்னும். வியர்வையும் அழுக்கும் படிந்த துணியை அது இன்னும் விரும்பும். மடிப்பின் உட்புறமும் இருண்ட இடமும் அதற்கு ஏற்றவை. வெளியே பார்க்கும்போது ஆடை நன்றாகத் தெரியும், உள்ளே அரிப்பு நடந்துகொண்டிருக்கும்.

வெப்பம்: தேன்மெழுகு சுமார் 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் உருகும். ஆனால் அதற்கு வெகு முன்பே இளகத் தொடங்கும். இளகிய மெழுகில் விரல் பட்டாலே தடம் விழும். கையின் எடையால் கை சாயும், ஆடையின் எடையால் தோள் இறங்கும். மாறாக, கடுங்குளிரில் மெழுகில் விரிசல் விழலாம்.

உலோகம்: உள்ளே செல்லும் இரும்புக் கம்பி ஈரம் பட்டால் துருப்பிடித்து உப்பும். அந்த உப்பல் மெழுகைப் பிளக்கும், துரு துணியில் கறையாகும். பித்தளைக் குண்டூசி பச்சைக் களிம்பு ஏறித் துணியை அரிக்கும்.

மனிதக் கை: இதைக் கடைசியாகச் சொன்னாலும் இதுவே முதன்மையானது. உடை மாற்றும்போது இழுப்பது, அழுக்கைக் கழுவுவது, மங்கிய முகத்துக்கு வண்ணம் பூசுவது, கிழிந்ததை எறிந்துவிட்டுப் புதியதை உடுத்துவது ஆகிய எல்லாமே நல்லெண்ணத்தோடு செய்யப்படுபவை. ஆனால் இவற்றால் அழிந்ததை மீட்க முடியாது.

1930-களின் தூய்மைப் பணி

1930-களில் மெழுகுருவங்கள் முறையாகக் களையப்பட்டுத் தூய்மை செய்யப்பட்டன. அபேயின் ஆவணக் காப்பாளராக இருந்த லாரன்ஸ் டேனரும், விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் துணிகள் பற்றிய வல்லுநராக இருந்த ஜான் நெவின்சனும் இவ்வுருவங்களை ஆராய்ந்து விரிவான கட்டுரை வெளியிட்டனர்.

அவர்கள் ஆடைகளை வெறும் அலங்காரமாகக் கருதவில்லை. எது மேலே இருந்தது, எது அடியில் இருந்தது, எந்த வெட்டில் தைக்கப்பட்டது என்று ஒவ்வொன்றையும் பதிவு செய்தனர். மேலங்கிக்கு அடியில், பார்வையாளர் கண்ணுக்கு ஒருபோதும் தெரியாத உள்ளாடைகளும் காலுறைகளும் அக்காலத்தவையாகவே இருந்தன. 17-ஆம் நூற்றாண்டு மனிதர் ஒருவர் உள்ளிருந்து வெளியே வரை எதை எதை எந்த வரிசையில் அணிந்தார் என்பதை ஓவியங்கள் காட்டா. ஓவியம் மேலாடையை மட்டுமே காட்டும். அன்றாட உள்ளாடைகள் பெரும்பாலும் கந்தலாகிக் குப்பைக்குச் சென்றன. ஒரு பொம்மை உருவத்தின்மேல் இருந்ததால் இவை தப்பின.

தூய்மை செய்வதும் ஆய்வு செய்வதும் ஒரே வேலையின் இரு பக்கங்கள் என்பது இப்பணியால் தெளிவாயிற்று.

போரும் நீரும்

இரண்டாம் உலகப் போரில் இலண்டன் குண்டுவீச்சுக்கு உள்ளானது. பழைய மர உருவங்கள் சில நீரால் பெருஞ்சேதம் அடைந்தன. ஏழாம் ஹென்றியின் உருவம், மரச்சட்டத்தின்மேல் வைக்கோலும் கித்தானும் சாந்தும் கொண்டு உருவாக்கப்பட்டது. சில வாரப் பயனுக்காகச் செய்த அந்த உடல் நானூறு ஆண்டுகளைக் கடந்து, நீரில் ஊறி அழிந்தது. தலை மட்டும் எஞ்சியது. வைக்கோலும் சாந்தும் நீரை உறிஞ்சும் பொருள்கள். அவை நனைந்தால் உருவம் நிற்காது.

போருக்குப் பின் இப்பழைய உருவங்களைத் தூய்மை செய்து சீராக்கும் பணியை அபேயின் துணை ஆவணக் காப்பாளர் ஹவ்கிரேவ்-கிரஹாம் மேற்கொண்டார். பிற்காலத்தில் ஏறிய அழுக்கையும் பூச்சையும் அவர் பொறுமையாக நீக்கியபோது, அடியில் முதல் கலைஞன் செய்த முகம் தெரிந்தது. அதுவரை கரடுமுரடான மரப் பொம்மைகள் என்று எண்ணப்பட்டவை, உண்மையான மனிதர்களின் முகங்கள் என்பது உறுதியாயிற்று.

இதில் மாணவர்கள் கவனிக்க வேண்டிய சிறு செய்தி ஒன்று உண்டு. மூன்றாம் எட்வர்டின் புருவத்தில் சில மயிர்கள் மட்டும் எஞ்சியிருந்தன. ஆராய்ந்தபோது அவை ஒரு சிறிய நாயின் மயிர் என்று தெரியவந்தது. 1377-இல் புருவம் ஒட்டிய கலைஞன் எதைப் பயன்படுத்தினான் என்பதற்கு அந்தச் சில மயிர்களே சான்று. இடைப்பட்ட ஆறு நூற்றாண்டுகளில் யாரேனும் ஈரத்துணியால் அந்த முகத்தை அழுத்தித் துடைத்திருந்தால் அச்சான்று மறைந்திருக்கும்.

1603-ஆம் ஆண்டின் கச்சு

எலிசபெத்தின் மெழுகுருவம் 1760-இல் செய்யப்பட்டது என்று முன்னர்க் கண்டோம். அதன் உடைகளும் அக்காலத்தவை என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 1990-களில் உருவத்தை மீண்டும் ஆராய்ந்தபோது, அது அணிந்திருந்த உள் இறுக்குக் கச்சு 1760-ஆம் ஆண்டினது அன்று, 1603-இல் அடக்க ஊர்வலத்தில் சென்ற பழைய மர உருவத்துக்கு உரியது என்பது கண்டறியப்பட்டது.

இக்கச்சு விறைப்பாக நிற்பதற்காக அதில் திமிங்கிலத்தின் வாயிலுள்ள வளையும் தகடுகள் வரிசையாக வைத்துத் தைக்கப்பட்டுள்ளன. இங்கிலாந்தில் இன்று எஞ்சியுள்ள இவ்வகைக் கச்சுகளில் மிகப் பழையவற்றுள் ஒன்று இது. 16, 17-ஆம் நூற்றாண்டு ஆடை வரலாற்றில் புகழ்பெற்ற ஆய்வாளர் ஜேனட் ஆர்னால்டு இதனை ஆராய்ந்தார்.

இது எப்படித் தப்பியது? 1760-இல் உருவத்தைப் புதுப்பித்தவர்கள் அரசியின் முகத்தையும் வெளியாடையையும் மாற்றினார்கள். உள்ளே இருப்பது யாருக்கும் தெரியப் போவதில்லை என்பதால், பழைய உருவத்தில் நல்ல நிலையில் இருந்ததை எடுத்துப் புதியதற்கு உடுத்தியிருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரிந்தவை எல்லாம் புதுப்பிக்கப்பட்டு மறைந்தன. கண்ணுக்குத் தெரியாதது அப்படியே நின்றது.

சீமாட்டியின் கிளி

ரிச்மண்ட் சீமாட்டியின் உருவத்தோடு ஒரு கிளியும் வைக்கப்பட்டுள்ளது. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளியான அது அவரோடு சுமார் 40 ஆண்டுகள் வாழ்ந்து, அவர் இறந்த சில நாள்களில் தானும் இறந்தது என்று சொல்லப்படுகிறது. அது பாடம் செய்து வைக்கப்பட்டது. பாடம் செய்து காக்கப்பட்டு இன்றும் எஞ்சியுள்ள பறவைகளுள் மிகப் பழையவற்றில் இதுவும் ஒன்று.

ஊடுகதிர்ப் படம் எடுத்துப் பார்த்தபோது, எலும்புக்கூடு முழுவதும் உள்ளேயே இருப்பது தெரிந்தது. பிற்காலத்தில் பறவையைப் பாடம் செய்வோர் பெரும்பாலான எலும்புகளை அகற்றிவிடுவர். தோலுக்கு ஆர்செனிக் கலந்த சோப்புப் பூசிப் பூச்சியைத் தடுப்பர். இக்கிளி அம்முறைகள் பரவுவதற்கு முற்பட்டது. படம் எடுத்து அறிந்ததனால், தையலைப் பிரிக்க வேண்டிய தேவையே எழவில்லை. தொடாமல் அறியும் வழி இருக்கும்போது தொட வேண்டியதில்லை என்பது இன்றைய பேணல் கலையின் அடிப்படை விதிகளுள் ஒன்று.

இன்றைய பேணும் முறை

இத்தகைய உடுத்திய உருவங்களுக்கு அருங்காட்சியகங்கள் இன்று பின்பற்றும் பொதுவான முறைகளைக் கீழே காணலாம்.

1. பதிவு. தொடுவதற்கு முன் எல்லாப் பக்கங்களிலும் படம் எடுக்கப்படும். எந்த முடிச்சு எங்கே உள்ளது, எந்தக் குண்டூசி எங்கே செருகப்பட்டுள்ளது என்று எழுதப்படும். பழைய ஊசித் துளையும் ஒரு சான்றே.

2. களைதல். ஒருவர் தனியாக உடையைக் களையக் கூடாது. ஒருவர் உருவத்தைத் தாங்க, மற்றவர் ஆடையை விடுவிப்பார். கையுறை அணிவர், மோதிரம், கைக்கடிகாரம் போன்றவற்றைக் கழற்றி வைப்பர். கையை வளைத்துச் சட்டையை இழுப்பது கூடாது. எந்த இடத்தில் கை கழலும், எந்த இடத்தில் துணி திறக்கும் என்று முதலில் கண்டறிய வேண்டும்.

3. தூசி அகற்றல். மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டி, குறைந்த இழுவிசையில் இயங்கும் வாக்குவம் கிளீனரின் வாயை அருகில் பிடிப்பர். துணிக்கும் குழாய்க்கும் இடையே மெல்லிய வலை விரிக்கப்படும். பழைய பட்டு நூல் ஒன்று பிரிந்தாலும் உள்ளே போய்விடாமல் வலை தடுக்கும்.

4. கழுவுதல். பழைய பட்டையும் வெல்வெட்டையும் கழுவுவது அரிது. சாயம் ஓடலாம், துணி சுருங்கலாம். மெழுகைப் பொறுத்தவரை டர்பன்டைன் போன்ற கரைப்பான்கள் மெழுகையே கரைத்துவிடும். எனவே ஒரு மூலையில் சோதித்துப் பார்த்த பின்னரே, பஞ்சு சுற்றிய சிறு குச்சியில் மிகச் சிறிதளவு நீர்மம் எடுத்து, அங்குலம் அங்குலமாகத் துடைப்பர். வண்ணம் பூசிய பரப்புகளில் மனித உமிழ்நீரையே சிலர் பயன்படுத்துவதுண்டு. அதிலுள்ள நொதிகள் அழுக்கை மெதுவாக இளக்கும்.

5. பூச்சித் தடுப்பு. முன்பு அந்துருண்டையும் கடும் மருந்துகளும் பயன்பட்டன. அவை மனிதர் உடலுக்குக் கேடு என்பதால் இன்று தவிர்க்கப்படுகின்றன. பூச்சி பிடித்த துணியை உறையில் காற்றுப் புகாமல் மூடி, மைனஸ் 30 டிகிரியில் மூன்று நாளோ, மைனஸ் 18 டிகிரியில் இரு வாரமோ உறைய வைப்பர். புழுவும் முட்டையும் மடியும். மெழுகுக்கு இது பொருந்தாது. உடையைக் கழற்ற முடியாத மெழுகுருவமாயின், உயிர்வளி நீக்கிய உறையில் வைத்துப் பூச்சியை மடியச் செய்வதே வழி.

6. உடுத்தல். உடலுக்கேற்ப ஆடையை இழுக்காமல், ஆடைக்கேற்ப உடலைத் திணிப்பிட்டுச் சரிசெய்வர். தோளிலும் இடுப்பிலும் மென்மையான அடிப்பஞ்சு வைத்தால் ஆடையின் எடை ஒரே தையலில் தொங்காது. மடிப்புகளுக்குள் அமிலமற்ற தாளைச் சுருட்டி வைப்பர். ஆடை மிகவும் நைந்திருந்தால் அதைப் படுக்கை நிலையில் பெட்டியில் வைத்துவிட்டு, உருவத்துக்கு நகல் ஆடை உடுத்துவர்.

7. சூழல். துணிகளுக்கு 50 லக்ஸ் அளவுக்கு மேற்படாத ஒளி, புறஊதாக் கதிர் வடிகட்டி, ஏற்ற இறக்கம் இல்லாத வெப்பநிலை, 50 விழுக்காட்டை ஒட்டிய ஈரப்பதம், தூசி புகாத கண்ணாடிப் பேழை ஆகியவை தேவை. இவை சரியாக இருந்தால் மற்ற வேலைகளில் பெரும்பகுதி தேவைப்படாது.

2018-இல் அபேயின் உட்புற மேல்தளத்தில், தரையிலிருந்து சுமார் 16 மீட்டர் உயரத்தில், புதிய காட்சிக்கூடம் திறக்கப்பட்டது. அதுவரை நிலவறை அருங்காட்சியகத்தில் இருந்த உருவங்களில் பல இன்று அங்கே கண்ணாடிப் பேழைகளில் உள்ளன. அவற்றில் ஏழாம் ஹென்றி உடலின்றித் தலையாக மட்டும் இருக்கிறார்.

துசோ காட்சியகத்தோடு ஒப்பீடு

அதே இலண்டனில் உள்ள மேடம் துசோ மெழுகுக் காட்சியகத்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். 1835-இல் பேக்கர் தெருவில் நிலைபெற்ற அக்காட்சியகம் 1925-இல் தீ விபத்துக்கும் 1940-இல் குண்டுவீச்சுக்கும் உள்ளானது. குண்டுவீச்சில் தலைகளுக்கான அச்சுகள் 300-க்கும் மேல் அழிந்தன. எனினும் காட்சியகம் மீண்டது. அங்குள்ள உருவங்களை மக்கள் தொடுகிறார்கள், அருகில் நின்று படம் எடுக்கிறார்கள். அதனால் முடியைக் கழுவுவதும் வண்ணத்தைத் தொட்டுச் சரிசெய்வதும் ஆடையை மாற்றுவதும் அங்கு வழக்கமான பணிகள். அச்சு இருந்தால் உருவத்தை மறுபடி வார்க்கலாம்.

அபேயின் உருவங்களுக்கு அச்சு இல்லை. எட்வர்டின் முகம் ஒன்றே ஒன்று. எனவே பயன்பாட்டிலுள்ள பொம்மையைப் பேணுவதும் சான்றாக மாறிவிட்ட பொம்மையைப் பேணுவதும் வெவ்வேறு வேலைகள். முதலாவதில் புதிதாகத் தோற்றமளிக்க வேண்டும். இரண்டாவதில் மாறாமல் இருக்க வேண்டும். அபேயில் 1760-இல் நடந்த தவறு, இரண்டாவது வகையை முதலாவது வகையாக நடத்தியதே. அன்றைய மனிதரை நாம் பழிக்க இயலாது. அவர்கள் கண்ணில் அது இன்னும் பயன்பாட்டிலிருந்த காட்சிப்பொருள்தான்.

முடிவுரை

வரலாறு கற்கும் மாணவர்கள் கல்வெட்டு, செப்பேடு, நாணயம், ஓவியம் ஆகியவற்றைச் சான்றுகளாக அறிவார்கள். ஒரு பொம்மையின் உள்ளாடையும், அதன் புருவத்து நாய்மயிரும், பழைய குண்டூசியின் துளையும் சான்றுகளே என்பதை வெஸ்ட்மின்ஸ்டர் உருவங்கள் காட்டுகின்றன. நூலில் எழுதப்பட்ட செய்தியை வேறொரு படியிலிருந்து மீட்கலாம். கழுவிப் போன சான்றை எந்தப் படியிலிருந்தும் மீட்க முடியாது.

நம் வீடுகளிலும் தாத்தா பாட்டி காலத்துப் பொம்மையோ, பட்டுத் துணியோ, உடுத்திய உருவமோ இருக்கலாம். அதைப் பளபளப்பாக்கும் ஆசை எவருக்கும் வரும். ஈரத்துணியை எடுப்பதற்கு முன் ஒரு படம் எடுத்து வையுங்கள். எந்தப் பகுதி எந்தப் பொருளால் ஆனது என்று பாருங்கள். வெயிலிலிருந்தும் ஈரத்திலிருந்தும் விலக்கி வையுங்கள். ஆண்டுக்கு இருமுறை மடிப்புகளுக்குள் பூச்சி இருக்கிறதா என்று நோக்குங்கள். பழைய துண்டு எதையும் தூக்கி எறியாதீர்கள். அபேயின் அலமாரியில் 1603-ஆம் ஆண்டின் கச்சு தப்பியது, அதை யாரோ ஒருவர் எறியாமல் விட்டதனால்தான்.